மாரி வரப்போகுது: நாட்டுக் கொச்சிக்கா மரத்தைக் காப்பாத்துறதா, விதையை எடுத்து வெக்கிறதா?

வாவிக்கரை_வளவு
எல்லாருக்கும் வணக்கம். நான் ஆரையம்பதி. வளவுல ஒரு நாட்டுக் கொச்சிக்கா (மிளகாய்) மரம் நிக்கிது, வெல்லாவெளியில மாமிட வளவுல இருந்து கண்டாக் கொண்டு வந்து வெச்சது. காய் சின்னன், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிமிந்து நிக்கும், பழுத்தா ரத்தச் சிவப்பு, உறைப்பெண்டா சொதிக்கு ஒண்டு கீறிப் போட்டாலே காணும். மாமிட ஊர்ல இப்ப எல்லாரும் பக்கட் விதைக்கு மாறிட்டாங்க, தேடிப் பார்த்திட்டம், அந்த இனம் அங்க இல்ல. எனக்குத் தெரிய இந்த ஒரு மரம்தான் மிச்சம்.

இப்ப செப்டம்பர் பிறந்திட்டு. ஐப்பசி மழை இறங்கினா எங்கட வளவுல தை மாசம் வரைக்கும் தண்ணி வத்தாது. மரத்தை மாரி முடியும் மட்டும் உயிரோட வெச்சிரிக்க ஏலுமா? விதை எடுப்பமெண்டா நாலு முழம் தள்ளி உறைப்புக் குறைஞ்ச கறிமிளகாய் நிக்கிது, கலந்து போயிருக்குமோ எண்டு பயமாவும் இரிக்கி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லடி_மாடித்தோட்டம்
அக்கா பயப்படாதீங்க, மரத்தைக் காப்பாத்தலாம். கொச்சிக்கா ஒரு போகத்தோட சாகிற பயிர் இல்ல, அது பல வருசம் நிக்கிற செடி, நாமதான் அதை ஒரு போகத்துக்குள்ள பிடுங்கி எறியிறம். எங்கட மொட்டை மாடியில பழைய பெயின்ட் வாளியில நிக்கிற கொச்சிக்கா மாரி தாண்டித் தாண்டி நிக்கிது, தண்டு இப்ப மரக்கட்டை மாதிரி முத்திட்டு. செய்யிற வேலை ஒண்டுதான், மழைக்கு முன்ன கிளையைக் குறைச்சி, வாளியைத் தாவாரத்துக்குள்ள இழுத்திடுவன். தாவாரத்துத் தண்ணி வடியிற கோட்டுல மட்டும் வெக்கக்கூடா, அதுல விழுற தண்ணி மழையை விட மோசம், மண்ணைக் குடைஞ்சி வேரை வெளியில எடுத்திடும்.

கொக்கட்டிச்சோலை_தோட்டக்காரன்
நான் மாறிச் சொல்றன், கோவிக்காதீங்க. எங்களுக்கு மிளகாய்தான் சாப்பாடு போடுது. மாரி முடிஞ்சி தை மாசம் நாங்க புது நாத்து நடக்குள்ள, சுத்துவட்டாரத்துல வீடு வீடா நிக்கிற பழைய மரங்கள்ல இருந்துதான் வெண் ஈ பறந்து வரும். இலைச்சுருட்டு வைரசை ஒரு போகத்துல இருந்து மத்தப் போகத்துக்குக் கடத்துறது அந்தப் பழைய மரங்கள்தான். ஒரு வீட்டுக்காரர் ஆசைக்கு வெச்சிரிக்கிற ஒத்தை மரத்தால பக்கத்துத் தோட்டம் முழுக்கக் கொட்டைப்பாக்களவு இலையோட நிண்டதை என்ட கண்ணால பார்த்திரிக்கன். விதையை எடுங்க, மரத்தைப் பிடுங்கி எரிங்க. அதுதான் ஊருக்கு நல்லம்.

வாவிக்கரை_வளவு
அண்ணன் நீங்க சொல்றது விளங்குது. ஆனா என்ட மரத்துல இலை சுருளல்ல. ஒண்டு ரெண்டு கொழுந்து மட்டும் மேல் நோக்கிக் கொஞ்சம் வளைஞ்சி கிடக்கு. அதுவும் வைரசா?

பழைய_போதனாசிரியர்
தங்கச்சி, கொழுந்து ஓடம் மாதிரி மேல் நோக்கி வளைஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பனிப்பூச்சியை. இலை கீழ் நோக்கி வளைஞ்சி, ஒடுங்கி, காம்பு நீண்டு போனா அது மைற்றா, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பேன். வெண் ஈ கடத்துற வைரஸ் எண்டா இலை சுருளுறதோட நிக்காது, நரம்பு மஞ்சளாகி, கணுவெல்லாம் நெருங்கி, மரம் குட்டையாகிப் பூவும் கொட்டும். முதல் ரெண்டும் பூச்சி, கழுவி மருந்தடிச்சா கொழுந்து தெளியும். மூண்டாவதுக்கு மருந்தே இல்ல.

வெள்ளைக் கடதாசி ஒண்டை அந்தக் கொழுந்துக்குக் கீழ பிடிச்சிக்கொண்டு விரலால ரெண்டு தட்டுத் தட்டுங்க. மஞ்சளா, நூல் துண்டு போல, ஓடித் திரியிற சின்னப் பூச்சி விழுந்தா பனிப்பூச்சிதான். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணியில நல்லாக் கலக்கிப் பின்னேரத்துல, இலைக்கு அடிப்பக்கம் நனையிற மாதிரி அடியுங்க. கிழமைக்கு ஒருக்கா செய்ஞ்சி, புதுக் கொழுந்து நேரா வருதா எண்டு பாருங்க.

தோட்டக்காரத் தம்பி சொல்றது நியாயமான பயம். மஞ்சளாகிச் சுருண்ட மரத்தை அடுத்த போகத்துக்கு வெச்சிரிக்கிறது அயலுக்குச் செய்யிற அநியாயம். ஆனா சுகமா நிக்கிற, இனம் அழிஞ்சி போற ஒரு மரத்தையும் அதோட சேர்த்துப் பிடுங்கச் சொல்ல ஏலாது.

இன்னொண்டு கேக்கணும். பூவைப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு கணுவுல ஒரு பூவா, ரெண்டு மூண்டு பூவா? வெள்ளையா, பச்சை ஓடின வெள்ளையா?

வாவிக்கரை_வளவு
இப்பதான் டோர்ச் அடிச்சிப் பார்த்திட்டு வாறன் சேர். ஒரு கணுவுக்கு ஒரு பூதான். நல்ல வெள்ளை. நடுவுல ஊதா நிறத்துல குச்சி குச்சியா இரிக்கி.

பழைய_போதனாசிரியர்
அப்ப சரி, இது சாதாரண மிளகாய்க் குடும்பந்தான், காய் நிமிந்து நிக்கிற வகை. கணுவுக்கு ரெண்டு மூண்டு பூ, பச்சை கலந்த வெள்ளையா இருந்திருந்தா அது வேற இனம், காக்கா குருவி திண்டு போட்டுத் தானா முளைக்கிற கொச்சி. அதுக்கும் கறிமிளகாய்க்கும் லேசில கலப்பு வராது. உங்கடது கறிமிளகாய் இனத்துலயே சேர்ந்தது, அதால கலப்பு வரும். மிளகாய்ப் பூ தன்ட மகரந்தத்தாலயே காய்க்கும் எண்டாலும் தேனீ, எறும்பு, பனிப்பூச்சி எல்லாம் பூவுக்குப் பூ போறதால இடத்துக்கு இடம் கலப்பு வீதம் கூடிக் குறையும். நாலு முழம் தூரம் ஒரு தூரமே இல்ல. விதைப் பண்ணையில நூத்துக்கணக்கான மீற்றர் தள்ளித்தான் அடுத்த இனத்தை நடுவாங்க.

காரைதீவு_புதுசு
ஒரு சந்தேகம் சேர். கறிமிளகாய்க்குப் பக்கத்துல வெச்சா கொச்சிக்காட உறைப்புக் குறையும் எண்டு எங்கட அம்மா சொல்லுவா. அது இந்தக் கலப்பாலதானா?

பழைய_போதனாசிரியர்
இல்ல தம்பி. கனக்கப் பேர் அப்படித்தான் நம்புறாங்க. இந்த வருசம் மரத்துல பிடிக்கிற காய் தாய் மரத்துட சதை, எந்த மகரந்தம் வந்தாலும் அந்தக் காய்ட உருவமோ உறைப்போ மாறா. மாற்றம் உள்ளுக்க கிடக்கிற விதையிலதான். அந்த விதையை நட்டு அடுத்த மரம் காய்க்கக்குள்ளதான் கலப்புத் தெரியும். உறைப்புக் குறைஞ்சா தண்ணியைக் கூட ஊத்துறீங்களா, நைதரசன் உரம் கூடிப் போச்சா எண்டு பாருங்க. வெயிலும் தண்ணித் தட்டுப்பாடும் உறைப்பைக் கூட்டும்.

தங்கச்சிக்கு ஒரு நல்ல செய்தியும் இரிக்கி. காய் கீழ தொங்குற குணம் நிமிந்து நிக்கிற குணத்தை அமத்தும். கறிமிளகாய்க் காய் தொங்குற காய். அதுட மகரந்தம் பட்ட விதையில இருந்து வாற கண்டு முதல் காய்ப்புலயே தொங்கிக்கொண்டு காய்க்கும், கண்ணால பார்த்துப் பிடுங்கிடலாம். உறைப்பை வெச்சிப் பிரிக்க ஏலா, கலப்புக் கண்டும் உறைக்கும், ஏனெண்டா உறைப்பும் அமத்துற குணந்தான். அதால வாயை நம்பாம காய் எந்தப் பக்கம் பார்க்குது எண்டதை நம்புங்க.

நிந்தவூர்_நாத்துக்கடை
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் நாத்துப் போட்டு விக்கிறவன். பூவைக் கலப்பில்லாம காப்பாத்துறது ஒண்டும் பெரிய வித்தையில்ல தங்கச்சி. கலியாண வீட்டுல சொக்லட், பாதாம் போட்டுத் தருவாங்களே, வாயில நாடா வெச்ச சின்ன வலைப் பை, அது வீட்டுல கிடந்தா எடுங்க. மரத்துல நல்ல கிளையா ரெண்டு மூண்டு பாருங்க. அந்தக் கிளையில விரிஞ்ச பூ, பிடிச்ச பிஞ்சி எல்லாத்தையும் கிள்ளிடுங்க, மூடின மொட்டு மட்டும் மிச்சம் விடுங்க. கிளையைப் பைக்குள்ள விட்டு நாடாவை இறுக்குங்க, இறுக்கிற இடத்துல கொஞ்சம் பஞ்சி சுத்தினா எறும்பு பூரா. மொட்டு விடியக்காலையில விரியும், பைக்குள்ள காத்து அசைவு குறைவு, அதால காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய்க் கிளையை விரலால மெல்லத் தட்டி விடுங்க, மகரந்தம் உதிரும். பிஞ்சி மிளகளவு வந்தவுடன பையைக் கழட்டிடலாம். கழட்டினவுடன அந்தப் பிஞ்சிக் காம்புல சிவப்பு நூல் ஒண்டு லேசாக் கட்டிடணும், இல்லாட்டி மறுகா எது பைக்குள்ள பிடிச்சது, எது வெளியில பிடிச்சது எண்டு தெரியாமப் போயிடும். பையைக் கழட்ட முன்னமே நூலைக் கையில வெச்சிக்கொள்ளுங்க.

இன்னொரு லேசான வழி, இந்த ஒண்டரை மாசத்துக்கும் கறிமிளகாயில பூக்கிற பூவை எல்லாம் கிள்ளி எறிஞ்சிடுங்க. அயல் வீட்டுல மிளகாய் நிண்டா அது காணா, பைதான்.

திருக்கோவில்_அக்கா
நானா சொன்ன பை வழி மெத்தச் சரி. நான் ஒண்டு கேக்கிறன், பிஞ்சி பிடிச்சி சிவக்க ரெண்டு மாசம் போகுமே, இப்ப பை கட்டினா பழம் எடுக்கிறது கார்த்திகை. அது சரியான மழைக் காலம். அப்ப விதையை எங்க காயவெக்கிறது?

நிந்தவூர்_நாத்துக்கடை
அதைத்தான் ராத்தா நானும் சொல்ல வந்த. நம்மட பக்கத்துல விதை எடுக்கிற காலம் கச்சான் காத்து அடிக்கிற காலம். ஆனி, ஆடி, ஆவணியில சுளகுல பரப்பி நிழல்ல வெச்சா சில நாள்ல விதை கணகணவெண்டு காயும். மாரியில காத்துல ஈரம், விதை காயாம இருக்கிறது மட்டுமில்ல, முந்திக் காஞ்ச விதையும் காத்துல இருந்து ஈரத்தை இழுத்துக் கொள்ளும். அதால தங்கச்சி, இப்ப மரத்துல முழுக்கச் சிவந்த பழம் நாலஞ்சி இருந்தா இண்டைக்கே அதுல விதை எடுத்துக் காயவெச்சிடுங்க. கலப்பு இருந்தாலும் பரவாயில்ல, சேர் சொன்ன மாதிரித் தொங்குறதைப் பிடுங்கிக் கொள்ளலாம். முதல்ல கையில ஒரு பிடி விதை இருக்கட்டும், மறுகா சுத்த விதைக்குப் பை கட்டுவம்.

வாவிக்கரை_வளவு
முழுக்கச் சிவந்தது கனக்க நிக்கிது நானா! இண்டைக்கே எடுக்கிறன். எப்படி எடுக்கிறது எண்டும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க, தக்காளி விதை மாதிரி ஊறவெச்சிப் புளிக்க வெக்கணுமா?

நிந்தவூர்_நாத்துக்கடை
புளிக்க வெக்கத் தேவையில்ல, தக்காளி விதையில வழுவழுப்பு இரிக்கி, கொச்சிக்காயில இல்ல. பழத்தை ரெண்டு மூண்டு நாள் வீட்டுக்குள்ள வெச்சி லேசாச் சுருங்க விடுங்க, உள்ளுக்க விதை இன்னும் முத்தும். குழி விழுந்து வட்டம் வட்டமாக் கறுத்த பழம், நுனி அழுகின பழம் எதுலயும் விதை எடுக்கக்கூடா, அந்த அழுகல் நோய் விதையோட அடுத்த போகத்துக்குப் போகும். கையுறை போடுங்க, இல்லாட்டி சொப்பிங் பேக்கைக் கையில மாட்டுங்க. பழத்தை நீளத்துக்குக் கீறினா நடுவுல வெள்ளையா ஒரு நாக்கு இரிக்கும், விதையெல்லாம் அதுல ஒட்டிக்கொண்டு நிக்கும், உறைப்பு முழுக்க அந்த வெள்ளைச் சதையிலதான். கத்தி முதுகால விதையை மட்டும் தட்டி விடுங்க, சதை ஒட்டி வந்தா பூஞ்சணம் பிடிக்கும். வெளிர் மஞ்சள் விதையை மட்டும் வெச்சிக்கொண்டு கறுத்தது, கபிலமானது, மெல்லிசா சப்பையானது எல்லாத்தையும் எறியுங்க.

பீங்கான் கோப்பையில பரப்புங்க. கடதாசியில பரப்பினா ஒட்டிக்கும். நேர் வெயில்ல, தகரத்துக்கு மேல எல்லாம் வெக்காதீங்க, சூடு கன நேரம் 35 பாகைக்கு மேல நிண்டா உள்ளுக்க முளை கெட்டிடும். நிழல், காத்து, தினமும் ஒருக்காக் கிளறி விடணும். காஞ்சிட்டா எண்டு பார்க்க ஒரு விதையை நகத்தால மடக்கிப் பாருங்க. வளைஞ்சா இன்னும் ஈரம். டக்கெண்டு ரெண்டா உடைஞ்சா சரி.

கல்லடி_மாடித்தோட்டம்
தண்ணியில போட்டு மிதக்கிறதை எறியச் சொல்றாங்களே நானா, யூடியூபில எல்லாரும் அதைத்தான் காட்டுறாங்க.

பழைய_போதனாசிரியர்
நெல்லுக்குச் செய்யலாம். மிளகாய் விதை நல்லாக் காஞ்சிருந்தா நல்ல விதையும் மிதக்கும், அதை வெச்சி எறிஞ்சா பாதி நல்ல விதை போயிடும். முளைப்புப் பார்க்கிறதுதான் சரி. ஈரக் கடதாசியில பத்து விதையை மடிச்சி, சின்னச் சொப்பிங் பேக்குக்குள்ள போட்டு அடுப்படி ஓரமாச் சூடான இடத்துல வெச்சா ஒரு கிழமை, பத்து நாள்ல எத்தனை வேர் விட்டிரிக்கி எண்டு தெரியும். 25க்கும் 30 பாகைக்கும் இடையில நல்லா முளைக்கும்.

நோய் பயம் இருந்தா சுடுதண்ணிப் பரிகாரம் செய்யலாம். 50 பாகைச் சூட்டுத் தண்ணியில அரை மணித்தியாலம். அடுப்புல வெச்சிச் செய்யாதீங்க, சூடு ஏறி இறங்கும். தேர்மோ பிளாஸ்க்குல தண்ணியை விட்டு, தேமோமீட்டரால பார்த்துச் சூட்டைச் சரிப்படுத்தி, விதையைத் துணியில முடிஞ்சி உள்ளுக்க விடுங்க. முடிஞ்சவுடன பச்சைத் தண்ணியில நனைச்சிட்டுத் திரும்பக் காய வெக்கணும். புது விதைக்கு மட்டும். பழைய விதை அந்தச் சூட்டைத் தாங்கா. இலைச்சுருட்டு வைரசுக்கு இது மருந்தில்ல, பற்றீரியாப் புள்ளி நோய்க்குத்தான் இது உதவும்.

திருக்கோவில்_அக்கா
காஞ்ச விதையை வெக்கிறதைப் பத்தி நான் சொல்றன். எங்கட அம்மா சாம்பல்ல பிரட்டி, போத்தல்ல போட்டு, வாயை மெழுகால அடைச்சி அடுப்புப் பரண்ல வெப்பா. இப்பவும் நான் அதைத்தான் செய்யிறன். அடுப்புப் புகையும் சூடும் படுற இடத்துல பூச்சி வராது. விதை ரெண்டு வருசத்துக்கு நல்லா முளைக்கும்.

பழைய_போதனாசிரியர்
சாம்பல் நல்லம், பூச்சிக்கும் ஈரத்துக்கும் காவல். அதோட ஒண்டு சேர்த்துக்கொள்ளுங்க. பச்சை அரிசியைச் சட்டியில நல்லா வறுத்து, சூடு ஆறாம போத்தலுக்குள்ள போட்டு மூடி வெச்சி, ஆறின பிறகு விதையைத் துணிப் பொட்டலமா அதுக்கு மேல வெச்சி இறுக்கி மூடுங்க. வறுத்த அரிசி விதையில மிச்சமிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஒரு கிழமையில அரிசியை மாத்துங்க. விதைச் சேமிப்புல பழைய கணக்கொண்டு இரிக்கி: ஈரம் நூத்துக்கு ஒண்டு குறைஞ்சா, இல்லாட்டி சூடு 5 பாகை குறைஞ்சா, விதைட ஆயுள் இரட்டிப்பாகும். அதால நல்லாக் காஞ்ச விதையைக் காத்துப் போகாத போத்தல்ல போட்டுப் பிரிட்ஜ்ல வெச்சா நாலஞ்சி வருசம் தாராளமா நிக்கும். சரியாக் காயாத விதையைப் பிரிட்ஜ்ல வெக்காதீங்க. எடுத்தவுடன திறக்கவும் வேணாம், போத்தல் வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க, இல்லாட்டி குளிர்ப் போத்தலுக்குள்ள வெளி ஈரம் போய் வேர்க்கும்.

திருக்கோவில்_அக்கா
இன்னொரு காரியம், இதை எல்லாரும் காதுல போடணும். விதையை ஒரு வீட்டுல மட்டும் வெக்காதீங்க. 1978 நவம்பர் 23 சூறாவளியில மட்டக்களப்புப் பக்கம் எத்தனை வீட்டுக் கூரை போச்சி, கூரையோட பரண்ல கிடந்த விதையும் போச்சி. 2004ல கடல் வந்தநேரம் கரையோரத்துல என்ன மிஞ்சின? எங்கட அம்மாட பயித்தை விதையும் கத்தரி விதையும் இண்டைக்கும் என்ட கையில இரிக்கெண்டா, வாவிக்கு அங்கால படுவான்கரையில கலியாணம் முடிச்சிப் போன சித்திக்கு அம்மா முந்திக் குடுத்து வெச்சதால மட்டுந்தான். அந்த விதைதான் திரும்பி எங்களுக்கு வந்த. புள்ள, உங்கட கொச்சிக்கா விதையில ஒரு பங்கை ஆரையம்பதியில வெச்சிக்கொள்ளுங்க, ஒரு பங்கைத் திரும்ப வெல்லாவெளிக்கு மாமிக்கு அனுப்புங்க, ஒரு பங்கு எனக்குத் தாங்க. மூண்டு ஊர்ல இருந்தா மூண்டும் ஒரே மழையில போகா.

கொக்கட்டிச்சோலை_தோட்டக்காரன்
அக்கா சொன்னது மனசுல பட்டது. எனக்கும் ஒரு பங்கு தாங்க. மரத்தைப் பிடுங்கச் சொன்ன நான்தான் கேக்கிறன், இனம் அழியணும் எண்டு நான் சொல்லல்ல. எங்கட தகப்பனார் காலத்துல விதைக்குக் கடைக்குப் போனதில்ல, இப்ப ஒவ்வொரு போகமும் ஹைபிரிட் பக்கட்டுக்குக் காசு கட்டித்தான் தோட்டம் தொடங்குறம். வருமானம் அதுல கூட, மறுக்கல்ல. ஆனா விதை எங்கட கையில இல்ல.

காரைதீவு_புதுசு
ஹைபிரிட் காய்ல விதை எடுத்துப் போட்டா முளைக்காதா?

பழைய_போதனாசிரியர்
முளைக்கும் தம்பி. ஆனா பிள்ளைகள் ஒண்டும் தாய் மாதிரி இருக்கா. ஒரு மரம் நெட்டை, ஒரு மரம் குட்டை, ஒண்டுல காய் நீளம், ஒண்டுல கட்டை. மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த எம்ஐசிஎச் எச்வை 1 மிளகாய் ஹைபிரிட், அதுல விதை எடுக்கிறது வீண் வேலை. எம்ஐ-2, கேஏ-2, அருணலு எல்லாம் ஹைபிரிட் இல்ல, தெரிவு செஞ்ச இனங்கள், அதுல கலப்பு வராமப் பார்த்தா விதை எடுக்கலாம். எடுக்கிறதெண்டா ஒரு மரத்துல மட்டும் எடுக்காம, சுகமான பல மரங்கள்ல இருந்து ஒவ்வொண்டு ரெண்டா எடுத்துக் கலந்து வையுங்க. தங்கச்சிக்கு ஒரு மரந்தான் இரிக்கி, அதுக்கு வேற வழியில்ல. அடுத்த வருசம் கனக்க கண்டு நட்டு அதுகள்ல இருந்து எடுக்கட்டும்.

ஸ்காபரோ_மட்டக்களப்பான்
வணக்கம். சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி, இப்ப கனடா. இங்க ரொறன்ரோவில ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு எந்த நாளும் உறைபனி விழலாம், விழுந்தா அடுத்த நாள் காலையில கொச்சிக்கா மரம் வேகவெச்ச கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கும். அதால ஊர்ல நீங்க மழைக்குச் செய்யிறதை நாங்க குளிருக்குச் செய்யிறம். செப்டம்பர் கடைசியில மரத்தை வேரோட கிண்டி, மண்ணை உதறி, வேரைக் கழுவி, நீளமான வேரை வெட்டி, புது மண் போட்ட சின்னச் சாடியில வெப்பம். மேல Y மாதிரிப் பிரியிற இடத்துக்குக் கொஞ்சம் மேல விட்டு எல்லாக் கிளையையும் வெட்டிடுவம், இலை ஒண்டும் மிஞ்சாது. பேஸ்மென்ட்ல 10, 15 பாகைச் சூட்டுல மரம் தூங்கும், மண் நல்லாக் காஞ்ச பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணி. மார்ச்சில சூட்டுக்கும் குரோ லைட்டுக்கும் கொண்டு வந்தா துளிர்க்கும், அப்ப ஏபிட் எண்ட சாறுறிஞ்சிப் பூச்சி ஓடி வரும், பார்த்துக்கொண்டிருக்கணும். மே நடுப்பகுதி தாண்டி வெளியில. விதை போட்ட கண்டு பூக்க முன்னமே இந்தப் பழைய மரம் காய்க்கத் தொடங்கிடும், அதுதான் லாபம்.

தங்கச்சிக்கு இங்கத்த நல்ல ஹலப்பீனோ மிளகாய் விதையும் கடிதத்துல வெச்சி அனுப்பவா?

பழைய_போதனாசிரியர்
தம்பி, மனசுக்கு நன்றி, ஆனா கடிதத்துல விதை அனுப்ப வேணாம். இலங்கைட 1999ம் ஆண்டு 35ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதைக்கு அனுமதிப் பத்திரம் வேணும். சட்டத்தை விடுங்க, மிளகாய்ல விதையால கடத்துற வைரஸ் இரிக்கி, புதுசா ஒண்டு ஊருக்குள்ள பூந்தா தோட்டக்காரத் தம்பி போல ஆக்கள்தான் அழுவாங்க.

நீங்க சொன்ன வெட்டு முறை குளிர் நாட்டுக்குச் சரி. இங்க அப்படியே செய்யக்கூடா. எங்கட மாரியில குளிர் இல்ல, மரம் தூங்கா. இலை ஒண்டும் இல்லாம மொட்டையா வெட்டிட்டா, வெயிலும் குறைஞ்ச நாள்ல துளிர்க்கப் பலமில்லாம வெட்டின இடத்துல இருந்து கீழ கறுத்துக்கொண்டு வரும். மூண்டுல ஒரு பங்கு, கூடினா அரவாசி. உள்ளுக்க நெருங்கின கிளை, நிலத்தைத் தொடுற கிளை, பூச்சி பிடிச்ச கொழுந்து, இதுகளை எடுத்துக் காத்து ஓட வழி விடுங்க. மழையில்லாத நாள் பார்த்து, கத்தியை நெருப்புல காட்டிட்டு, சரிவா வெட்டுங்க, தண்ணி தங்கக்கூடா.

ஆரையம்பதி மணல் நிலம்தானே, மழை கூடினா நிலத்தடித் தண்ணி மேல வந்து நிக்கும், அதான் உங்கட பிரச்சினை. கொச்சிக்கா மரம் மழையால சாகிறதில்ல, வேருக்குக் காத்து இல்லாமத்தான் சாகுது. தண்ணிக்குள்ள நிண்டா வேர் மூச்சடைக்கும், அழுகல் பூஞ்சணம் பூரும், மேல பார்த்தா தண்ணிக்குள்ள நிண்டுகொண்டே மரம் வாடும். அதைப் பார்த்துத் தண்ணி காணாதெண்டு நினைக்கக்கூடா. அதால உங்கட மரத்தைச் சாடிக்கு மாத்தத்தான் வேணும், மழைக்கு முன்ன. ஒரேயடியாக் கிண்டாதீங்க. தண்டுல இருந்து ஒரு முழக்கைத் தூரத்துல வட்டம் கீறி, அரை வட்டத்துக்கு மட்டும் மம்பட்டியை நேராக் கீழ இறக்கி வேரை அறுத்து விடுங்க. பத்துப் பன்ரெண்டு நாள் தண்ணி ஊத்துங்க, அறுத்த இடத்துல புது வேர் வரும். மறுகா மத்த அரை வட்டம். ஒக்டோபர் தொடங்கின உடன மண்கட்டியோட தூக்கிப் பெரிய வாளியில வையுங்க. அடியில ஓட்டை போட்டாக் காணா, அடியில இருந்து ரெண்டு விரல் மேல பக்கவாட்டுலயும் ஓட்டை போடுங்க. ரெண்டு செங்கல்லுக்கு மேல வாளியைத் தூக்கி வையுங்க. தூக்கின பிறகு ஒரு கிழமை நிழல். பை கட்டின கிளையை மட்டும் வெட்டாதீங்க.

கொக்கட்டிச்சோலை_தோட்டக்காரன்
கூரைக்குக் கண்ணாடிப் பொலித்தீன் போடுங்க தங்கச்சி, கறுப்புப் பொலித்தீன் வேணாம், வெளிச்சம் போகணும். நாலு பக்கத்தையும் மூடாதீங்க, மேல மட்டும், இல்லாட்டிப் புழுக்கத்துல பூஞ்சணம் அள்ளும். வாடைக்காத்து வாற பக்கம் தடி நட்டுக் கட்டுங்க. மாரி முழுக்க உரம் போட வேணாம், தை வெயில் வந்து துளிர் கண்ட பிறகு மாட்டெருக் கரைசல் விடுங்க. அந்தத் துளிர்ல மஞ்சள் நரம்பு தெரிஞ்சா அண்டைக்கே பிடுங்குங்க, விதை கையில இரிக்கிதானே, அழாம பிடுங்கலாம்.

வாவிக்கரை_வளவு
எல்லாருக்கும் நன்றி. கடதாசியில தட்டிப் பார்த்தன், பனிப்பூச்சிதான் விழுந்த, மஞ்சளாத்தான் ஓடிச்சி. வேப்பெண்ணெய் ஒருக்கா அடிச்சிட்டன். பழத்தை வீட்டுக்குள்ள வெச்சிச் சுருங்க விட்டு, விதை தட்டி எடுத்து, பின் விறாந்தையில கோப்பையில பரப்பி வெச்சிரிக்கன், நானா சொன்ன மாதிரி மடக்கிப் பார்த்தா இன்னும் வளையுது. கச்சான் காத்து இன்னும் விடல்ல, அதால இன்னும் கொஞ்ச நாள்ல காஞ்சிடும். ரெண்டு கிளைக்குப் பை கட்டியாச்சி, கறிமிளகாயில பூவையும் கிள்ளிட்டுத்தான் வாறன். நாளைக்கு முதல் அரை வட்டம் வெட்டுறம்.

ஒரு கேள்வி மிச்சம். பை கட்டின பழம் கார்த்திகையிலதான் சிவக்கும், அந்த விதையை அப்ப எப்படிக் காயவெக்கிறது?

பழைய_போதனாசிரியர்
அதுக்குத்தான் வறுத்த அரிசி. மழை நாள்ல வெளியில பரப்ப வேணாம். விதையை எடுத்து, விசிறிக்குக் கீழ ஒரு நாள் மேல் ஈரம் போக வெச்சிட்டு, நேரா அரிசிப் போத்தலுக்குள்ள. அரிசி விதையை விட ரெண்டு மடங்கு இருக்கட்டும், முதல் கிழமையில ரெண்டு மூண்டு தரம் வறுத்து மாத்துங்க. உடையுதா எண்டு மடக்கிப் பார்த்து நிப்பாட்டுங்க. இப்ப எடுத்த விதையையும் அப்ப எடுக்கிற விதையையும் ஒரே போத்தல்ல கலக்காதீங்க. மேல ஒட்டுற துண்டுல இனம், ஊர், எடுத்த மாசம், வருசம், பை கட்டினதா கட்டாததா, இவ்வளவையும் பென்சிலால எழுதுங்க, பேனா மை ஈரத்துல ஊறி அழிஞ்சிடும்.

சம்மாந்துறை_வயலோரம்
இப்பதான் முழுக்க வாசிச்சன். தங்கச்சி, தையில விதை மிச்சமிருந்தா எனக்கும் வேணும். எங்கட உம்மாட வளவுல கணுவுக்கு மூண்டு பூப் பூக்கிற கொச்சி நிக்கிது, சேர் சொன்ன அந்த மத்த இனம், பழம் முழுக்கக் கொண்டைக்குருவி திண்டுட்டுப் போயிடும், அதால இண்டைக்கே ஒரு கிளையில வலை கட்டுறன். மாத்திக் கொள்ளுவம்.

வாவிக்கரை_வளவு
தாறன் நானா, கட்டாயம். முதல்ல வெல்லாவெளிக்கு ஒரு பங்கு, மறுகா திருக்கோவில் அக்காக்கு, தோட்டக்கார அண்ணனுக்கு, உங்களுக்கு. முளைப்புப் பார்த்துப் பத்துக்கு எத்தனை வந்திச்சி எண்டதையும் பொட்டலத்துல எழுதித் தாறன். உங்கட கொச்சி விதையில எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்க.